இசே கோயில்ல பாக்க ஒண்ணும் இல்லைன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பத்திரிகையோட சுற்றுலா பக்கத்துல ஜப்பான் கோயில்கள் பத்தி வந்த கட்டுரைய இங்க நகோயாவுல உக்காந்து படிச்சேன். கியோட்டோவுல இருக்கிற ஃபுஷிமி இனாரி, அந்த ஆயிரக்கணக்கான செவப்பு தோரி வாசல் பத்தி பெருசா எழுதியிருந்தீங்க, சந்தோஷம், அது அழகான எடம் தான். ஆனா இசே ஜிங்கு பத்தி சும்மா ரெண்டு மூணு வரில முடிச்சுட்டீங்க, அதுவும் பழைய கோயில்னு பேரு தான் ஆனா கட்டடம் எல்லாம் புதுசு, உள்ள விடமாட்டாங்க, போட்டோவும் எடுக்க முடியாது, நேரம் மிச்சம் இருந்தா மட்டும் போங்கங்கிற மாதிரி. எனக்கு மனசே ஆறல. கட்டடம் புதுசுன்னு நீங்க கொறையா எழுதுனீங்க பாருங்க, அதுக்காகத்தான் அங்க போகணும், அத சொல்லத்தான் இந்த கடிதம்.

ஜப்பானோட பூர்வீக மதமான ஷிண்டோவுக்கு பல்லாயிரம் கோயில் இருக்கு, அத்தனைக்கும் மேல வச்சு மதிக்கிறது இசேவ. மியே மாகாணத்துல இருக்கு, நகோயாவுல இருந்து கின்டெட்சு ரயில்ல ஏறுனா சுமார் ஒன்றரை மணி நேரம், ஒசாக்காவுல இருந்தும் நேர் ரயில் உண்டு. ஒரே ஒரு கோயில்னு நெனச்சு தான் நெறைய பேர் போறாங்க, ஆனா பெருசும் சிறுசுமா 125 சன்னதி சேந்தது தான் இசே ஜிங்கு. அதுல முக்கியமானது ரெண்டு, கெகூங்கிற வெளிக்கோயில், நைகூங்கிற உள்கோயில், ரெண்டுக்கும் நடுவுல சில கிலோமீட்டர் தூரம், பஸ் ஓடுது. நைகூல இருக்கிறது அமதெரசு ஓமிகாமி, சூரிய தேவி, ஜப்பான் மன்னர் வம்சத்தோட குலதெய்வம். கெகூல தொயோஉகே ஓமிகாமி, அமதெரசுவுக்கு சாப்பாடு தர்ற தெய்வம், சோறு துணி வீடு தொழில்னு மனுஷ வாழ்க்கைக்கு வேண்டியது எல்லாத்துக்கும் அவங்கள தான் கும்பிடுறாங்க. மொதல்ல கெகூ அப்புறம் நைகூ, அதான் வழக்கம். டூர் பஸ்ல வர்றவங்க நைகூல மட்டும் எறங்கி அவசர அவசரமா ஒரு சுத்து சுத்திட்டு போயிடுறாங்க, அது எனக்கு எப்பவும் வருத்தம்.

ஏன்னா கெகூல தான் தெனமும் நடக்கிற வேலை தெரியும். காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, மழையோ புயலோ, சாமிக்கு படையல் போகுது, 1500 வருஷமா இது நடக்குதுங்கிறது கோயில் மரபு. சோறு, தண்ணி, உப்பு, மீன், கடல்பாசி, காய், பழம், சாகேங்கிற அரிசி மது. சமைக்கிற நெருப்ப இன்னைக்கும் மரத்துல மரத்த கடைஞ்சு தான் உண்டாக்குறாங்க. அரிசி கோயிலோட சொந்த வயல்ல வெளையுது, உப்பு ஃபுதாமி கடற்கரை பக்கம் கோயிலோட உப்பளத்துல இருந்து வருது, படையல் வைக்கிற மண் தட்டு கூட கோயிலுக்குன்னே செய்யறது, ஒரு தடவ வச்சா அதோட சரி, ஒடச்சு மண்ணுக்கே அனுப்பிடுவாங்க. கடையில வாங்குனா ஆகாதான்னு கேக்கலாம், ஆகும் தான், ஆனா அப்புறம் உப்பு காய்ச்ச தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்க மாட்டான்.

இப்ப கட்டடம் புதுசுங்கிற விஷயத்துக்கு வர்றேன். ஷிகினென் செங்கூன்னு சொல்வாங்க, 20 வருஷத்துக்கு ஒரு தடவ கோயில முழுசா புதுசா கட்டி சாமிய அங்க மாத்துறது. நைகூல மொதல் தடவ நடந்தது 690ல, அரசி ஜிதோ காலத்துல. 62வது தடவ 2013ல நடந்துச்சு, அடுத்தது 2033. ஒவ்வொரு முக்கிய சன்னதிக்கும் பக்கத்துல அதே அளவுல ஒரு காலி மனை இருக்கும், வெள்ளை கூழாங்கல் பரப்பி சும்மா கெடக்கும், 20 வருஷம் அது காத்திருக்கும், அப்புறம் அங்க புதுசு எழும்பும், பழசு பிரிச்சு எடுத்துடுவாங்க. இப்படி மாறி மாறி. ஹினோகின்னு ஒரு சைப்ரஸ் வகை மரம், அது சுமார் 10,000 வேணும், தயாரிப்பு மட்டும் 8 வருஷம் ஓடும். கட்டடம் மட்டும் இல்லைங்க, உள்ள இருக்கிற வாள், கண்ணாடி, வில், தறி, சேணம், பட்டு உடை, எல்லாமே புதுசா செய்யணும், 714 வகை, 1576 உருப்படி. அதையும் அந்தந்த கைத்தொழில்ல நாட்டுலயே சிறந்தவங்கள தேடி குடுத்து பழைய முறையில செய்யச் சொல்றாங்க, செஞ்சு முடிச்சதும் யாரும் பாக்காத எடத்துக்குள்ள போயிடும்.

ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்தப்ப நைகூவுக்கு கூட்டிட்டு போனேன். அப்பாவுக்கு மர வேலை தெரியும். அங்க மிஷினே நோ மிகுரான்னு ஒரு சின்ன நெல் களஞ்சியம் இருக்கு, முக்கிய சன்னதிய தாண்டி அரமத்சுரி நோ மியாங்கிற துணை சன்னதிக்கு போற வழியில, சன்னதி எந்த பாணியில கட்டியிருக்கோ அதே பாணி, ஆனா வேலி மறைக்காம கிட்டத்துல நின்னு பாக்கலாம். உங்க கட்டுரைக்காரர் இத பாக்காம வந்துருப்பாருன்னு நெனைக்கிறேன், பாத்திருந்தா அப்படி எழுத மனசு வந்திருக்காது. அப்பா அந்த தூண கொஞ்ச நேரம் உத்து பாத்துட்டு, அடியில கல்லே இல்லையே, நேரா மண்ணுல நட்டு வச்சிருக்கான், அரிச்சுப் போயிருமேன்னு கேட்டார். அதான்ப்பா 20 வருஷம்னு சொன்னேன். தூண் நேரா மண்ணுல, கூரை புல்லு வேஞ்சது, பூச்சு கெடயாது வர்ணம் கெடயாது, அப்படியே வெறும் மரம். அப்ப நம்ம கும்பாபிஷேகம் மாதிரியானு அம்மா கேட்டாங்க. இல்லம்மா, நம்மூர்ல அதே கோயில சரி பண்ணி மறுபடி கலசத்துக்கு தண்ணி ஊத்துறோம், இவங்க மொத்த கட்டடத்தையும் புதுசா எழுப்புறாங்கன்னு சொன்னதும் அப்பா உடனே, அப்ப தச்சனுக்கு வேலை அத்துப் போகாதுன்னார். அந்த ஒரு வார்த்தை தாங்க விஷயம்.

கல்லுல கட்ட தெரியாம இல்ல, புத்த கோயில் எல்லாம் அடிக்கல்லு வச்சு கட்டி நாரா பக்கம் ஆயிரம் வருஷத்துக்கு மேல நிக்குது. 20 வருஷம்னு ஏன் வச்சாங்கன்னு பழைய ஏட்டுல காரணம் எழுதல, மண்ணுல நட்ட மரம் தாங்குற காலம்ங்கிறாங்க, வேற வேற காரணமும் சொல்றாங்க. ஆனா எல்லாரும் ஒத்துக்கிறது ஒண்ணு, ஒரு தச்சன் சின்ன வயசுல ஒரு செங்கூல எடுபிடியா நின்னு கத்துப்பான், அடுத்ததுல அவன் தான் முக்கிய வேலைய பாப்பான், ஆயுசு இருந்தா மூணாவதுல பக்கத்துல நின்னு சொல்லிக் குடுப்பான். பழசுங்கிறது மரத்துல இருக்கணும்னு எதிர்பாத்து போறவங்களுக்கு இசே ஏமாத்தமா தான் தெரியும், அங்க பழசு இருக்கிறது செய்யறவங்க கையில.

பிரிச்ச மரத்த என்ன பண்றாங்கன்னு கேட்டா இன்னும் அழகா இருக்கும். சன்னதியோட ரெண்டு பக்கமும் கூரை முகட்ட தாங்குற பெரிய தூண் இருக்கு, அத செதுக்கி நைகூ வாசல்ல இருக்கிற உஜி பாலத்தோட ரெண்டு முனையிலயும் தோரி வாசலா நிறுத்துவாங்க, ஆத்துக்கு உள்பக்கம் நிக்கிறது நைகூ தூண், வெளிப்பக்கம் நிக்கிறது கெகூ தூண். 20 வருஷம் அங்க நின்ன பெறகு பழைய தோக்கைடோ சாலையில இருக்கிற குவானா, செகி ரெண்டு ஊருக்கும் போகும், இசேவுக்கு யாத்திரை வந்தவங்க அந்த காலத்துல கடந்து வந்த எடம் அது, அங்க இன்னொரு 20 வருஷம். மத்த மரம் எல்லாம் நாடு பூரா இருக்கிற சின்ன கோயில்களுக்கு போகுது. 2011 சுனாமியில அடிபட்டுப் போன வடகிழக்கு ஜப்பான் கோயில்களுக்கும் 2013 செங்கூ முடிஞ்சு பிரிச்ச மரத்த குடுத்தாங்க. நீங்க உஜி பாலத்துல தோரிக்கு கீழ நடக்கும்போது மேல நிக்கிறது 20 வருஷம் சாமி கூரைய தாங்குன தூண், இது தெரிஞ்சு நடக்கிறதுக்கும் தெரியாம நடக்கிறதுக்கும் எவ்ளோ வித்தியாசம் சொல்லுங்க.

கட்டுரையில தப்பா இருந்த ரெண்டு தகவலையும் தயவுசெஞ்சு திருத்தணும். 1300 வருஷமா ஒரு தடவ கூட நிக்காம நடக்குதுன்னு போட்டிருந்தீங்க, அது சரியில்ல. உள்நாட்டு சண்டை நடந்த காலத்துல 120 வருஷத்துக்கு மேல செங்கூ நின்னு போச்சு, கோயில் சிதைஞ்சு கெடந்துச்சு, பாலம் கூட இல்ல. அத மறுபடி நடக்க வச்சது கெய்கோஇன் மடத்து புத்த பிக்குணிங்க. செய்ஜுன்ங்கிற பிக்குணி ஊர் ஊரா நடந்து காசு சேத்து 1563ல கெகூவுக்கு செங்கூ நடந்துச்சு, அவங்களுக்கு பின்னாடி வந்த ஷூயோ அம்மா முயற்சியில 1585ல ரெண்டு கோயிலுக்கும் நடந்துச்சு. ஒரு ஷிண்டோ கோயில காப்பாத்துனது புத்த மடத்து பொம்பளைங்கங்கிறத நான் பாக்கிறவங்க கிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கேன், நிக்காம நடந்துச்சுன்னு எழுதுனா அவங்க பட்ட பாடு அப்படியே மறைஞ்சு போகுது.

இன்னொண்ணு, அரசாங்க காசுல நடக்குதுன்னு போட்டிருந்தீங்க. 1945க்கு முன்னாடி அது அரசு கோயில் தான், ஷிண்டோவையும் மன்னர் வழிபாட்டையும் போருக்கு பயன்படுத்துன காலம் ஒண்ணு இருந்துச்சு, அத யாரும் மறைக்கக்கூடாது. ஆனா போருக்கப்புறம் வந்த அரசியல் சட்டம் மதத்துக்கு அரசு பணம் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிருச்சு, இன்னைக்கு இசே ஒரு தனி மத அமைப்பு, செங்கூ நடக்கிறது கோயிலோட சொந்த நிதியிலயும் ஜனங்க குடுக்கிற நன்கொடையிலயும். அந்த மாத்தம் எவ்ளோ கஷ்டமா இருந்துச்சுன்னு பாருங்க, 1949ல நடக்க வேண்டிய செங்கூவ தோத்துப்போன நாட்டுல நடத்த முடியாம தள்ளி வச்சாங்க, 1953ல தான் நடந்துச்சு. ஆனா உஜி பாலத்த மட்டுமாவது புதுசாக்கிருவோம்னு ஜனங்க சேந்து 1949லயே கட்டிட்டாங்க, அதனால தான் இன்னைக்கும் செங்கூவுக்கு 4 வருஷம் முன்னாடியே பாலம் புதுசாகுது, கடைசியா 2009ல, அடுத்தது 2029.

அந்த பாலம் 100 மீட்டருக்கு கொஞ்சம் மேல நீளம், முழுக்க மரம். தாண்டுனதும் வலது பக்கம் இசுஸு ஆறு, படிக்கட்டுல எறங்கி ஆத்து தண்ணியிலயே கை கழுவலாம், அத விட்டுட்டு வராதீங்க. நைகூல வலது ஓரமா நடக்கணும், கெகூல இடது ஓரமா. சன்னதிக்கு முன்னாடி கல் படிக்கட்டு, படிக்கு கீழ வரைக்கும் தான் போட்டோ. மேல போனா நாலு சுத்து வேலி, வெளி வாசல்ல ஒரு வெள்ளை துணி திரை, அதுக்கு முன்னாடி நின்னு ரெண்டு தடவ குனிஞ்சு, ரெண்டு தடவ கை தட்டி, மறுபடி ஒரு தடவ குனிஞ்சு கும்பிட்டுட்டு நகரணும். உள்ள இருக்கிறது அமதெரசுவோட அடையாளமா கும்பிடுற யதா நோ ககாமிங்கிற புனிதமான முகக்கண்ணாடி, அத யாரும் பாக்கிறது கெடயாது. 2013 அக்டோபர்ல ராத்திரி வெளக்க எல்லாம் அணைச்சுட்டு சாமிய புது சன்னதிக்கு கொண்டு போனப்பவும் வெள்ளை பட்டு திரையால நாலு பக்கமும் மறைச்சு தான் கொண்டு போனாங்க. இவ்ளோ பெரிய விஷயத்த நம்ம போன் கேமரா முன்னாடி கொண்டாந்து வைக்கணும்னு எதிர்பாக்கிறதே தப்புன்னு நான் நெனைக்கிறேன். நம்ம ஆளுங்க சில பேர் காவலர் திரும்புற நேரம் பாத்து படி மேல நின்னு செல்ஃபி எடுக்கிறத பாத்திருக்கேன், ரொம்ப சங்கடமா இருக்கு, ஜப்பான்காரங்க வாய விட்டு சொல்லமாட்டாங்க, அதனால சரின்னு அர்த்தம் கெடயாது. முக்கிய சன்னதியில நன்றி மட்டும் சொல்லுவாங்க, சொந்த வேண்டுதல் ஏதாவது இருந்தா அரமத்சுரி நோ மியாவுல சொல்றது வழக்கம், அம்மா அங்க தான் ரொம்ப நேரம் நின்னாங்க.

காட்ட பத்தியும் சொல்லணும். கோயில சுத்தி சுமார் 5500 ஹெக்டேர் காடு கோயிலுக்கு சொந்தம். ஆனா எடோ காலத்துல, அதாவது 1603ல இருந்து 1868 வரைக்கும், யாத்திரைக்கு வந்த கூட்டத்துக்கு வெறகு வெட்டி வெட்டியே மலை மொட்டையாயிருச்சு, அப்புறம் இசுஸு ஆறு வெள்ளம் வந்து ஊர அடிச்சது. பெரிய மரத்துக்கு வடக்க நகானோ பக்கம் கிசோ மலைக்கு போக வேண்டிய நெலமை. 1923ல ஒரு திட்டம் போட்டாங்க, 200 வருஷத் திட்டம், செங்கூவுக்கு வேணுங்கிற ஹினோகிய நம்ம காட்டுலயே வளத்துக்கலாம்னு. போட்டவங்க யாரும் அத பாக்கப்போறதில்லன்னு தெரிஞ்சே போட்டாங்க. 2013 செங்கூல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு மரம் சொந்த காட்டுல இருந்து வந்துருச்சு. தேர்தலுக்கு தேர்தல் திட்டம் மாறுற காலத்துல இந்த 200ங்கிற நம்பர நான் அடிக்கடி நெனச்சுப்பேன்.

எடோ காலத்து கூட்டம்னு சொன்னேன்ல, அது சாதாரண கூட்டம் இல்ல. ஒகாகே மாய்ரின்னு சொல்வாங்க, 60 வருஷத்துக்கு ஒரு தடவ மாதிரி ஜனம் அலையலையா கெளம்பும், 1830ல மட்டும் சில மாசத்துல 40 லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, அப்ப ஜப்பானோட ஜனத்தொகையே சுமார் 3 கோடி தான். வேலைக்காரங்க மொதலாளி கிட்ட சொல்லாம கெளம்பிடுவாங்க, வழியில இருக்கிறவங்க சோறு போட்டு படுக்க எடம் குடுப்பாங்க. நடக்க முடியாத பெருசுங்க தங்களோட நாய அனுப்பியிருக்காங்க, கழுத்துல காசையும் இன்னார் வீட்டு நாய் இசேவுக்கு போகுதுங்கிற சீட்டையும் கட்டி விட்டா, ஊர் ஊரா ஜனங்க சோறு வச்சு அடுத்த ஊருக்கு கூட்டிட்டு போய் விடுவாங்க, கோயில் தாயத்தோட அது திரும்பி வரும். அந்த நாய் பொம்மை இன்னைக்கும் நைகூ வாசல் கடைத்தெருவுல, ஒஹராய்மாச்சில, விக்குது.

வயசானவங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு: உள்ள வழி பூரா ஜல்லி, முட்டி வலி இருந்தா கஷ்டம், வாசல்ல சக்கர நாற்காலி கேட்டா தருவாங்க, ஆனா சன்னதிக்கு படி ஏறணும். கட்டணம் கெடயாது, காலையில 5 மணிக்கே தெறந்துடுவாங்க, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போறது நல்லது. அகாஃபுகுன்னு 1707ல ஆரம்பிச்ச கடை ஒண்ணு இருக்கு, மோச்சிங்கிற அரிசி உருண்டை மேல இனிப்பான செவப்பு பயறு விழுது, அது சைவம், பயப்படாம சாப்பிடலாம், இசே உடோன்ங்கிற தடிச்ச நூடுல்ஸ் பாக்க சைவம் மாதிரி இருந்தாலும் குழம்புல மீன் சாறு இருக்கும். கெகூல செங்கூகான்னு ஒரு மியூசியம் இருக்கு, கெகூ சன்னதியோட ஒரு பக்கத்த நிஜ அளவுலயே கட்டி வச்சிருக்காங்க, வேலிக்கு வெளிய நின்னு பாக்க முடியாதத அங்க பாத்துக்கலாம், கண்டிப்பா போங்க.

இத இப்ப எழுதுறதுக்கு அவசரக் காரணம் ஒண்ணு இருக்கு. 63வது செங்கூவுக்கான சடங்கு 2025 மே மாசமே தொடங்கிருச்சு, ஜூன்ல கிசோ மலையில மொத ஹினோகிய மூணு பக்கமும் கோடாலியால வெட்டி சாய்ச்சாங்க. அந்த மரத்த ஊர் ஜனங்களே கயிறு கட்டி இழுத்துட்டு வர்ற ஒகிஹிகி 2026லயும் 2027லயும், கெகூவுக்கு தெருவுல வண்டி வச்சு, நைகூவுக்கு இசுஸு ஆத்துக்குள்ளயே எறங்கி. 2029ல பாலம். போன தடவ 2009 நவம்பர் 3ம் தேதி பாலத்த தெறந்தப்ப முதல்ல நடந்தது ஒரு வயசான அம்மாவும், அவங்க பின்னாடி தாத்தா பாட்டி, அப்பா அம்மா, மகன் மருமகள்னு மூணு தலைமுறை தம்பதிங்களும். அடுத்த கட்டுரைக்கு உங்க நிருபர இந்த மூணுல ஏதாவது ஒண்ணுக்கு அனுப்புங்க, நகோயா வரைக்கும் வந்தா போதும், இங்க இருக்கிற தமிழ் ஆளுங்க நாங்க கூட்டிட்டு போறோம்.

இப்படிக்கு,
நகோயாவுல இருந்து ஒரு வாசகி